இரண்டாம் முறை போட்ட சீனி

சவரி அண்ணை போய்விட்டார் என்று ஹம் நகரிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதிய உணவு கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் ரயிலிலேயே மாரடைப்பாம். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். ஏன் என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹம்மில் ஒரே வீட்டில் இருந்தோம். மேல்மாடியில் நானும் கணவரும் கைக்குழந்தையும்; கீழே, மன்னாரிலிருந்து தனியாக வந்திருந்த அவர். தொழிற்சாலையில் நிறுவைப் பகுதியில் வேலை. "கண்மட்டம் பொய் சொல்லும், தராசு சொல்லாது" என்பார். நிலவறையில் அவர் பியர் காய்ச்சியதும் அந்த நிதானத்தோடுதான். புளித்து அடங்கிய பியரைப் போத்தலில் ஊற்றும்போது ஒவ்வொன்றுக்கும் சீனியை நிறுத்துப் போடுவார். மூடிய போத்தலுக்குள் அந்தச் சீனி மறுபடி புளித்தால்தான் பியர் பொங்கி நுரைக்கும்.

என் மகளின் ஞானஸ்நான விருந்துக்கென்று நாற்பது போத்தல்கள் நிரப்பினார். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது.

"தங்கச்சி, மூடியை மட்டும் இறுக்கி விடுங்கோ. நான் வேலைக்குப் போயிட்டு வாறன்."

மேசையில் சீனிப் பேணி திறந்தபடி இருந்தது. போட மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி குவித்துப் போட்டு மூடினேன்.

பத்தாம் நாள் பிற்பகல் முதல் போத்தல் வெடித்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. ஊரில் குண்டு விழும்போது செய்ததுபோல், குழந்தையை அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டேன். சத்தம் அடங்கி வெளியே வந்தபோது, சிறுமியாக உலகப்போரின் குண்டுவீச்சைக் கண்ட எங்கள் ஜெர்மன் வீட்டுக்காரி மாடிப்படியில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

சவரி அண்ணை நிலவறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "நீங்களும் சீனி போட்டனீங்களோ? இரண்டு பங்கு சீனிக்குத்தான் இப்பிடி வெடிக்கும்."

"ஓம் அண்ணை. நீங்கள் மறந்திட்டீங்கள் எண்டு..."

இதைச் செய்தவர் இனி இந்த வீட்டில் இருக்க முடியாது என்றார் வீட்டுக்காரி. நான் வாய் திறப்பதற்குள் சவரி அண்ணை ஜெர்மனில் சொன்னார், தவறு தன்னுடையது, சீனியை இரண்டு தரம் போட்டது தான்தான் என்று.

"நான் உண்மையைச் சொல்லப் போறன்" என்றேன் பிறகு.

"விசர்க்கதை கதையாதேங்கோ. பிள்ளையோட எங்க போவீங்கள்? எனக்கு ஒரு பெட்டிதானே."

அடுத்த வாரம் தொழிலாளர் விடுதிக்குப் போய்விட்டார். ஞானஸ்நானத்துக்குக் கடைப் பியரோடு வந்தார். "தராசுக்காரனுக்குச் சீனி நிறுக்க ஏலாமப் போச்சு" என்று விருந்தினர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் சோறு பரிமாறிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அவர் பியர் காய்ச்சவே இல்லை.

அந்தப் பகிடியை ஹம்மில் இன்னும் சொல்கிறார்களாம். தயவுசெய்து இனிச் சொல்லாதீர்கள். சீனியைப் போட்டவள் நான்.

அந்த வீட்டில் நாங்கள் மேலும் மூன்று வருடங்கள் இருந்தோம். என் மகள் அங்கேதான் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகினாள். சவரி அண்ணை எனக்கு விட்டுப்போனது அந்த மூன்று வருடங்கள்.