குனியாமல் கேட்ட துஆ

அறுபத்திரண்டாம் வருஷம் என் இடது கண்ணுக்குள் கறுப்புக் கட்டி வந்தது. புற்று என்றார்கள். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கண்ணோடு ரேடியத் தகட்டைத் தைத்து, சில நாள் கழித்து எடுத்தார்கள். கட்டி சுருங்கியது. மீமிசலுக்குத் திரும்பிக் கருவாட்டு வியாபாரத்தில் உட்கார்ந்தேன். தப்பித்தோம் என்றிருந்தேன். மறு வருஷமே அந்தக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது.

"ரேடியம் கட்டியை மட்டுமா சுட்டது? இரத்தக் குழாயையும் சுட்டிருக்கு" என்றார் டாக்டர். "தலையைக் குனியாதீங்க. சாஞ்சு உக்காந்தே தூங்குங்க. மறுபடி கசிஞ்சு வலி முத்துனா கண்ணை எடுக்கத்தான் வேணும்."

பள்ளிவாசலில் சுவரோரம் உட்கார்ந்து சைகையால் தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகைதான். ஊர் விடுமா? என் மனைவியின் அண்ணன் கபூர் மச்சானுக்கு நாக்கு முழுக்க விஷம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "மெட்ராஸ் போயிட்டு வந்தவுகளுக்கு நெத்தி தரையில படாதாமுல்ல!"

சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் பக்கத்திலேயே நின்று, சுஜூதில் நெற்றியைத் தரையில் அழுத்தினேன். நிமிர்ந்தபோது கண்ணில் கறுப்புத் திரை விழுந்திருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

மனைவி ஜைனபு அழவில்லை. திட்டினாள். "யாருக்குங்க சுஜூது செஞ்சீங்க? அல்லாவுக்கா, எங்கண்ணனுக்கா?"

எனக்கு மச்சான் மேல் கோபம். டாக்டர் மேல் கோபம். சொல்லவே நாக்கூசுகிறது, படைத்தவன் மேலும் கோபம். தலையணைகளில் சாய்ந்தபடி அந்தக் கோபத்தோடேயே கேட்டேன்: "யா அல்லாஹ், என் தலை குனியாது. மனசைக் குனிய வைக்கவும் தெரியல. கண்ணை மட்டும் எடுத்துறாதே." கேட்டு முடிக்கும் முன் உடைந்து அழுதேன். அன்றிலிருந்து ஐந்து வேளையும் அதே துஆ, அதே வேண்டுதல். இடையில் சொட்டு மருந்து.

மெல்ல வலி அடங்கியது. பல வாரம் கழித்து ஒரு காலை, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தேன். கலங்கலாகத் தாடி தெரிந்தது. பிறகு மூக்கு. கபூர் மச்சான்! நலம் விசாரிக்க வந்து, உள்ளே வரத் துணிவில்லாமல் நின்றார்.

"இம்புட்டு அழுது கேட்டதுக்கு மொதல்ல இந்த மூஞ்சியா?" என்று கத்திவிட்டேன். அடுத்த மூச்சில் அல்ஹம்துலில்லாஹ், புகழெல்லாம் அவனுக்கே என்றேன். மச்சான் அழுதார்.

கண்ணை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். பார்வை அரைகுறைதான், ஆனால் கண் என்னுடையது. மச்சானை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். அதையும் துஆவில் சேர்த்திருக்கிறேன், மன்னிக்கும் மனசு இன்னும் வரவில்லை.

நோயில் கிடக்கும் சகோதரர்களே, குனிய முடியாவிட்டால் நிமிர்ந்தே கேளுங்கள். கோபமிருந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவன் தாங்குவான். நான் இன்றும் உட்கார்ந்துதான் தொழுகிறேன். பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை.