கன்னத்தில் ஒதுக்கிய பாதாம்

மாக்டாவுக்கு டென்மார்க்கில் எங்கள் யூட்லாந்துப் பன்றி இறைச்சி ஆலையில் குடல் கழுவும் வேலை. வருடம் முழுக்கக் கொழுப்பு நாற்றத்தில் நிற்பவள், கிறிஸ்துமஸ் மாலையிலும் அடுப்படியில் அதே கொழுப்போடு நிற்பாள். ஆலைத் தொழிற்சங்கத்துப் பழக்கத்தில் அவள் கணவன் தோர்வால்ட் என்னை வருடாவருடம் விருந்துக்குக் கூப்பிடுவான். அந்த மேசையில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

இந்த முறை முன்னாலேயே சொல்லிவிட்டாள்: "போன வருஷம் மாதிரி பாத்திரத்த வழிச்சிடாதீங்க. நானும் உக்காந்து ஒரு கிண்ணம் பாயசம் சாப்பிடணும்."

"உனக்கில்லாமயா?" என்றான் தோர்வால்ட்.

அவன்தான் ஜெபித்தான். வாத்துக்கு நன்றி, உருளைக்கிழங்குக்கு நன்றி, கர்த்தருக்கு நன்றி. சமைத்தவள் பெயர் வரவில்லை. ஆமென் முடிவதற்குள் அவன் தம்பி ஐனர் வாத்துத் தொடையைக் குத்தி எடுத்துவிட்டான்.

பிறகு பார்க்கச் சகிக்கவில்லை. முகவாயில் கொழுப்பு வழிந்தது. இடுப்பு வாரைத் தளர்த்தி, ஏப்பம் விட்டு, மறுபடி தின்றார்கள்.

அரிசிப் பாயசம் வந்தது. அதில் முழுப் பாதாம் ஒன்று கிடக்கும். கிடைத்தவருக்குப் பரிசு, சர்க்கரை சேர்த்த பாதாம் விழுதில் பிடித்த பன்றிப் பொம்மை. கிடைத்ததைச் சொல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது எங்கள் ஊர்க் குசும்பு. மற்றவர்கள் தேடித் தேடித் தின்பார்கள்.

"டேய், கன்னம் உப்பியிருக்கே!"

"அது பொறந்ததுலேர்ந்தே அப்படித்தாண்ணே. நீ மொதல்ல வாயத் தொற."

தோர்வால்ட் பாத்திரத்தை அடிவரை வழித்துவிட்டான். பாதாம் இல்லை. தம்பியின் வாய்க்குள் விரலை விட்டே துழாவினான். ஐனர் ஓங்கரித்தான். தின்றதெல்லாம் மேசை விரிப்பில் வந்து விழுந்தது.

அப்போது மாக்டா அடுப்படியிலிருந்து சின்னக் கிண்ணம் ஒன்றில் பாயசத்தோடு வந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். கடைசியில் நாக்கை நீட்டினாள். நுனியில் பாதாம்.

"இது போங்கு ஆட்டம்டி!" என்று கத்தினான் தோர்வால்ட்.

"பாதாமோட என் பங்க முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன். எனக்குன்னு ஒரு கரண்டி மீதி வெச்சிருந்தா, பாதாம அதுல போட்டுட்டு உங்ககிட்டயே நீட்டியிருப்பேன். வெச்சீங்களா?"

ஐனர் நழுவப் பார்த்தான். எங்கள் பக்கத்தில் 'சாப்பாட்டுக்கு நன்றி' சொல்லாமல் யாரும் மேசையை விட்டு எழக்கூடாது. வழக்கமாக வாசலைப் பார்த்து முனகிவிட்டுப் போவார்கள்.

மாக்டா பரிசுப் பன்றியின் தலையைக் கடித்தாள். "உக்காருங்க கொழுந்தனாரே. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் வாந்தியையும் தொடச்சிட்டுப் போங்க."

ஐனர் சொன்னான். நானும் சொன்னேன். கர்த்தரிடம் அத்தனை நன்றி சொன்ன தோர்வால்டுக்குத்தான் அந்த வார்த்தை வரவில்லை. மாக்டா வால்வரை தின்று முடித்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.