தூக்க முடியாத விரல்

முத்துப்பேச்சிக்கு ஜீப்பில் ஓர இடம்தான் வேண்டும். விடிகாலையில் பெண்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்பில் கை அசைக்கவும் இடமிருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்கு மூச்சு முட்டும், பாதி வழியில் இறங்கிவிடுவார். "மகராணிக்கு ஓரத்த விடுங்கடி" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நான் தேனியில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் முன்பெல்லாம் எப்படி மயக்கம் கொடுத்தார்கள் என்ற வரலாற்றைச் சேகரித்து வருகிறேன். பழைய கருவிகளும் குப்பிகளும் வீட்டில் நிறைந்துவிட்டன. ஓய்வுபெற்ற மருத்துவர்கள் சளைக்காமல் பேசுகிறார்கள், எல்லாம் அவரவர் கெட்டிக்காரத்தனம். மயங்கிக் கிடந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்கு எரிச்சல். ஜீப் ஓட்டும் பிரபுதான் முத்துப்பேச்சியைப் பற்றிச் சொன்னான். "ஆப்பரேசன் நடக்குறப்ப முழிச்சிருந்தேங்குது அந்தக்கா."

போடியில் அவர் வீடு ஒற்றை அறை. கணவர் கன்னையன் வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"செத்த நகந்து உக்காருங்க, காத்து வரட்டும்" என்றார் முத்துப்பேச்சி. கன்னையன் காதில் வாங்கவில்லை. நான் பதிவுக் கருவியை வைத்ததும் அவரே ஆரம்பித்தார்.

"கர்ப்பப்பை எடுத்தாக, டாக்டரம்மா. மயக்கத்துல ஏதோ கனாக் கண்டிருக்கா. இன்னும் அதையே சொல்லிக்கிட்டுத் திரியிறா."

"நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"அவளுக்கு என்னத்தத் தெரியும்? நான் சொல்றேன் கேளுங்க."

கேள்வி மனைவிக்கு, பதில் கணவரிடமிருந்து. முத்துப்பேச்சி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அப்போது முத்துப்பேச்சி ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ஏலக்காய் எடுத்துக் கறையேறிய விரல். கன்னையன் பேச்சு நின்றது.

"அன்னைக்கு இந்த ஒத்த வெரலத்தான் தூக்கப் பாத்தேன், டாக்டரம்மா. தூக்கிட்டாப் போதும், பாத்துருவாகன்னு. முடியல. கண்ணத் தொறக்க முடியல. கூப்பாடு போட முடியல. அறுக்குறது தெரியுது. நர்சம்மா கல்யாண வீட்டுல பாயசம் அடிப்பிடிச்ச கதையச் சொல்றாக. டாக்டரு சிரிக்கிறாரு."

நானும் உடம்பை அசையவிடாத ஊசியைப் போடுகிறவள்தான். அவருக்கு அந்த ஊசி வேலை செய்திருக்கும், தூங்கவைக்கும் மருந்து கருவியில் தீர்ந்திருக்கும். இது கனவே அல்ல, அபூர்வமாக நடப்பதுதான், எங்கள் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது என்று கன்னையனிடம் சொன்னேன்.

அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... வலிச்சுச்சா?"

"இதக் கேக்க இம்புட்டு வருசமா உங்களுக்கு?" முத்துப்பேச்சியின் குரல் உடைந்தது.

கன்னையன் எழுந்தார். வாசலை அடைத்திருந்த நாற்காலியை இழுத்து அப்பால் போட்டார். மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முத்துப்பேச்சி என்னை விட்டு அவர் பக்கம் திரும்பி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.