கியர் எந்தக் காலில்?

லிஃப்ட் அக்காவுக்கு ஐம்பத்தோரு வயது. லிஃப்ட் மெக்கானிக்கான அவர் பழுதான லிஃப்டின் கோளாறைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவருடைய கொட்டகையில் இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள், இரண்டுமே இரட்டை சிலிண்டர். பிரிட்டிஷ் வண்டி இருபத்தாறு வயதில் வாங்கியது, ஜப்பான் வண்டி நாற்பதில். மாடி ஏற முடியாத அப்பா இந்த வாரம் குடிவருவதால் கொட்டகை அவருக்கு அறையாகிறது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு வண்டிதான் நிற்கும். மற்றதை வாங்கிக்கொள்ளப் பல் டாக்டர் நான்கு மணிக்கு வருகிறார். எதுவானாலும் அவருக்குச் சரி. அக்காவால்தான் முடிவெடுக்க முடியவில்லை.

காலையில் இரண்டையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்தார். பின்னால் தையற்காரக் கணவர்.

ஜப்பான் வண்டி பொத்தானைத் தொட்டதும் கிளம்பியது. ஒரு பிஸ்டன் ஏறினால் மற்றது இறங்கும், லிஃப்டும் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடையும் போல.

"நம்ம புது தையல் மெஷின் மாதிரியே ஓடுது," என்றார் கணவர். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இரண்டு மணி நேரம் கழித்து பிரிட்டிஷ் வண்டி. மூன்று உதை கேட்டது. இதில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும். எதிர்எடை இல்லாத லிஃப்ட் எப்படி ஓடும் என்று அக்கா யோசித்துக்கொண்டே சந்திப்புக்கு வந்தார். நிற்க வேண்டும். வலது காலை அழுத்தினார். ஜப்பான் வண்டியில் அங்கேதான் பிரேக். இதில் அங்கே கியர். வண்டி ஒரு கியர் ஏறி, நிறுத்தக் கோட்டைத் தாண்டி, சலவைக்கடைப் பலகையில் போய் முட்டியது.

"நிக்கச் சொன்னா ஓடுதே, ஏம்மா?" என்றார் கணவர்.

"பிரேக்குன்னு கியரை மிதிச்சுட்டேன். ரெண்டு வண்டி இருக்கிறவரைக்கும் கால் குழம்பத்தான் செய்யும்."

"அப்போ வம்பு பண்றதைத் தள்ளிவிடு."

அக்கா பலகையை நிமிர்த்தி வைத்தார்.

நான்கு மணிக்குப் பல் டாக்டர் பிரிட்டிஷ் வண்டியை உதைத்தார். அது திருப்பி உதைத்தது.

"இதுக்கு ஏங்க்கா இவ்ளோ ரோஷம்?" என்று கெண்டைக்காலைத் தடவினார்.

அக்கா ஜப்பான் வண்டியின் சாவியை நீட்டினார். டாக்டர் சிரித்த முகத்தோடு தெருமுனை திரும்பினார்.

"நல்லதைப் போய்க் கொடுத்துட்டியே," என்றார் கணவர்.

"நல்லதுதான். அதான் அடுத்தவங்களுக்குத் தைரியமா கொடுக்க முடிஞ்சுது. இதைக் கொடுத்தா அவரு கால் என்னாகும்? அந்த ஜப்பான் வண்டி பதினோரு வருஷமா என்னை ஒரு கேள்விகூடக் கேக்கல. போகட்டும்." பிரிட்டிஷ் வண்டி பக்கம் திரும்பினார். "திரும்பி வரும்போது இடது பக்கம் டிக் டிக்னு ஒண்ணு வந்துச்சே, கேட்டீங்களா?"

"எனக்குக் கேட்டது என் பல்லு ஆடுன சத்தம். டாக்டர் ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாரு, கூப்பிடட்டுமா?"

அக்கா அதற்குள் தரையில் உட்கார்ந்து இன்ஜின் மீது காதை வைத்திருந்தார்.