மூன்று அடி, ஒரு நிறுத்தம்

“கலைஞர் தொம்மை: ஏழு தலைமுறைப் பறையிசை மரபின் வாரிசு. தவழும் பருவத்திலேயே தந்தையிடம் தாளம் பயின்றவர். ஊர்த் திருவிழாக்களின் உற்சாக நாயகர்.”

‘வேர்க்கால்’ இசைக்குழு 2006இல் வெளியிட்ட குறுந்தகட்டின் பின்னட்டை இப்படிச் சொல்கிறது. தொம்மையின் தந்தை ரயில்வே கேட் சாத்துகிறவர். வண்டிச் சத்தம் போதாதா என்று வீட்டில் ரேடியோகூட வைக்கவிடாதவர். ஏழு தலைமுறையில் மூன்றாவதின் பெயரே அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தொம்மை பறையைத் தொட்டதில்லை. திருவிழா என்றால் தேர் கிளம்புமுன்பே வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிற உற்சாக நாயகர்.

அவர் தச்சர். ஓமந்தூருக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஊரில் வீடு, குயிலாப்பாளையத்தில் நாற்காலிப் பட்டறையில் வேலை. வாசித்தது ஒரே ஒரு கருவி, அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள். பெரிய வியாழன் பூசையில் மாதாகோயில் மணி ஒலித்து ஓய்ந்தால், உயிர்ப்புத் திருநாள்வரை அது வாய் திறக்கக் கூடாது. மணிக்குப் பதில் மரக்கட்டை: கைப்பிடி வைத்த பலாப் பலகை, அதன்மேல் ஆடி விழும் ஒரு மரச்சுத்தி. பெரிய வெள்ளி மத்தியானம் ஒருவர் அதைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் ஜனங்களை வழிபாட்டுக்கு அழைக்க வேண்டும். 1993இல் பழைய கட்டை பிளந்துபோனது. புதிது செய்துகொடுத்தார் தொம்மை. செய்தவனே தட்டட்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். மரபு ஆரம்பமான கதை இவ்வளவுதான்.

மூன்று அடி தட்டுவார், நிறுத்துவார். எந்த வீட்டிலாவது தாழ்ப்பாள் விலகுகிறதா என்று கேட்பதற்காக நிறுத்துவார். முதல் சில வருஷங்கள் முதலில் திறந்தது அவர் வீட்டுக் கதவுதான். மனைவி அமல்ராணி முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வருவாள். 1999இல் அவள் மகள் ஜாக்குலினைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு, ஏற்றுமதித் தையல் வேலைக்குப் போனாள். சண்டை ஒன்றுமில்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்றும் இருந்திருக்கும். மறுவருஷம் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். அதன்பிறகு தொம்மை தட்டினார், நின்றார், கேட்டார். ஒரு தாழ்ப்பாளும் அசையவில்லை. கோயிலில் மட்டும் கூட்டம் குறையவில்லை. எல்லாம் ஒலிபெருக்கி கூப்பிட்டு வந்த கூட்டம் என்று முடிவுகட்டினார். தான் கூப்பிட்டால் வர இனி யாராவது இருக்கிறார்களா என்பதே அவரிடம் மிஞ்சிய கேள்வி. அதை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க ஆள் வேண்டுமே.

2001இல் பட்டறைக்குப் பின்னால் குழு கூடியது. கிடார் சக்கரபாணி, விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியர். வேர்களைத் தேடி ஞாயிறுதோறும் காரில் வருவார். பாட்டும், தப்ஸ் என்கிற கைமேளமும் கோட்டக்குப்பத்து ஜகபர் சாதிக். உங்கள் இசைக்கு ஊற்றுக்கண் எது என்று கேட்டால் சக்கரபாணி பம்பை, உடுக்கை, கூத்து என்பார். ஜகபர் பதினோரு வருஷ துபாய் வாழ்க்கையில் பக்கத்து அறை சூடான்காரர்களிடம் கேட்ட பாட்டும், பட்டறையில் ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அமெரிக்கக் கறுப்பர் சோகப்பாட்டு ஒலிநாடாக்களும் அந்தப் பட்டியலில் வராது.

ஒரு ஞாயிறு அவர்களுடைய ஒலிப்பெட்டிக்கு மூடி செய்ய வந்த தொம்மை, மரம் சரியாகப் பொருந்தியதா என்று தட்டிப் பார்த்தார். மூன்று அடி, ஒரு நிறுத்தம். சக்கரபாணி கிடாரைக் கீழே வைத்தார்.

“இது என்ன தாளம் தொம்மை?”

“தாளம்லாம் இல்லீங்க சார். பெரிய வெள்ளிக்குத் தட்டறது.”

“அப்பா சொல்லிக்குடுத்ததா?”

“அப்பா ரயில்வே கேட்டு சாத்தறவருங்க.”

ஜகபர் சிரித்தார். “தொம்மண்ணே, சும்மா ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். சாரு பேஜாராயிடப் போறாரு.”

தொம்மை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்னட்டை அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. சக்கரபாணி அவரைக் கட்டையோடு குழுவில் சேர்த்துக்கொண்டார்; தாழ்ப்பாளுக்காக நின்ற நேரத்தை மூன்றரை மாத்திரை என்று அளந்தார். தொம்மைக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஒத்திகை முடிந்தால் மூன்று பேரும் டீக்கடைக்குப் போவார்கள். ஜகபர் அவருக்கென்று ஒரு மசால்வடை எடுத்துவைப்பார். அவர் குழுவில் இருந்தது அந்த வடைக்காகத்தான் என்றால் பாதி உண்மை.

2008இல் சென்னையில் பெரிய கச்சேரி கிடைத்தது. தேதி பெரிய வெள்ளி.

“லீவு நாளு தொம்மை, கூட்டம் அள்ளும்” என்றார் சக்கரபாணி.

“அன்னிக்கி ஊர்ல கட்டை தட்டணுங்களே.”

“அதான் ஸ்பீக்கர் இருக்கில்ல?”

எட்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வாதம் அது. மறுத்துப் பேச வழியில்லை. கட்டையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வேன் ஏறினார்.

அரங்கில் முந்நூறு பேர் இருக்கும். மூன்று அடி தட்டினார், நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் முந்நூறு பேரும் மூன்று முறை கை தட்டினார்கள். திடுக்கிட்டு மறுபடி தட்டினார். மறுபடி பதில் வந்தது. பெரிய வெள்ளியன்று சந்தோஷப்படுவது முறையல்ல என்று அவருக்குத் தெரியும். சந்தோஷப்பட்டார்.

மறுநாள் காலை ஊருக்குள் நுழைந்தபோது இரண்டாம் தெரு லூர்துமேரி வாசலில் மல்லாட்டை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து ஏம்பா வர்ல?”

“மெட்ராஸ்ல ப்ரோக்ராம். ஸ்பீக்கர்ல கூப்ட்டிருப்பாங்களே?”

“அது வருஷம் பூரா என்னமோ கத்திக்கினு கெடக்குது. அத யாரு காதுல வாங்கறா? உங்கட்டை வரட்டும்னு பொடவ மாத்திக்கினு உக்காந்திருந்தேன். வர்ல. நான் போறதுக்குள்ள சிலுவைக்கு முத்தம் குடுக்கறதே முடிஞ்சிப்போச்சி.”

“நான் தட்டறப்போ ஒரு நாளாவது நீ கதவத் தொறந்ததுண்டா?”

“இந்த முட்டிய வச்சிக்கினு ஒடனே தொறக்க முடியுமா? நீ தட்டனா எழுந்திரிக்க ஆரம்பிப்பேன். கதவாண்ட வர்றதுக்குள்ள நீ முனை திரும்பிடுவ. எங்க நிக்கற நீ? கடனேன்னு ஓடற.”

தொம்மை சாக்கைக் கைமாற்றிப் பிடித்தார். மூன்றரை மாத்திரை போதாது என்று சக்கரபாணிக்கு எப்படிச் சொல்வது?

அவர் குழுவை விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை டீயையும் விடவில்லை. பின்னட்டையை மாற்றச் சொல்லவுமில்லை. ஆனால் பெரிய வெள்ளிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அடுத்த வருஷம் முதல் லூர்துமேரி வீட்டெதிரே, கதவு திறக்கிறவரை நின்றார். 2012இல் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கியது. மகன் வந்து அவளை வளவனூருக்குக் கூட்டிப்போயிருந்தான். தொம்மை அங்கே வழக்கமான நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

1993 முதல் 2012 வரை இருபது பெரிய வெள்ளிகள் வந்தன. அதில் பத்தொன்பதில் தொம்மை ஊரின் நாலு தெருவிலும் நடந்து கட்டை தட்டினார்.