மூட்டுவலி என்று எழுதிய பதின்மூன்று நாட்கள்

பொன்னையா சண்முகவடிவு. வயது நாற்பத்திரண்டு. இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தின் பொறுப்பாளர். 2016 முதல் அங்கே வேலை. 2024 மார்ச் மாதம் அவருடைய வரவுப் புத்தகத்தில் பதினாறு பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. மடுவத்து அலுமாரியில் இருந்த விடுமுறைப் புத்தகத்தில், 2023 பெப்ரவரி 9 தொடங்கி மாதந்தோறும் இரண்டாவது வியாழக்கிழமை ஒரு நாள் லீவு. பதின்மூன்று முறையும் காரணம் ஒன்றே: மூட்டுவலி.

அவருடைய மூட்டுகளில் எந்த வலியும் இல்லை.

2022ஆம் ஆண்டின் கடைசியில்தான் அது தொடங்கியது. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, சொல்லும்படி ஒரு காரணமும் இல்லை. ஆனால் காலையில் போர்வையை விலக்கக் கை வரவில்லை. பக்கத்தில் குழந்தை அழுதால் எதிர்மலையில் யாரோ அழுவதுபோல் கேட்டது. கறிக்கு உப்புப் போட்டோமா என்பது நினைவில்லை. போடாவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில், காத்துச் சேட்டை, பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். கணவர் பொன்னையா பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார். பிறகு தலைவலிக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டொக்டர் தலையை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். இது மனச்சோர்வு என்னும் நோய், மருந்து இருக்கிறது, குணமாகும் என்று சொல்லி மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்.

தினமும் ஒரு மாத்திரை, மாதம் ஒரு முறை கிளினிக். இரண்டு மாதத்துக்குள் வாய்க்கு உப்பு தெரிந்தது. கயிறும் கையிலேயே கிடந்தது. அவிழ்க்க அவருக்கு மனமில்லை.

ஆனால் லயத்தில் அதற்குப் ‘பைத்தியக் கிளினிக்’ என்றுதான் பெயர். அங்கே போகிறவளை நம்பி எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? மடுவம் போய்விடும் என்ற பயம் நோய் தெளிந்த பிறகும் தெளியவில்லை. கிளினிக் கொப்பியை வீட்டில் வைக்க முடியாது. லயத்துக் காம்பரா ஒற்றை அறைதான், யார் வேண்டுமானாலும் எதையும் எடுத்துப் புரட்டுவார்கள். மடுவத்து அலுமாரியிலோ பிள்ளைகளின் எடையை மாதந்தோறும் எழுதும் நிறைக் கொப்பிகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் அவரே கலண்டர் தாளில் உறை போட்டிருந்தார். தம்முடையதற்கும் அதே உறையைப் போட்டு, அடுக்கின் அடியில் செருகி வைத்தார். ஒவ்வொரு மாதமும் நிறை பார்க்கும் நாளுக்கு முன்னதாக அதை மறக்காமல் எடுத்துவிடுவார்.

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, மறந்துவிட்டார்.

குடும்பநல உத்தியோகத்தர் பஸ்மிலா உத்திரத்தில் தராசை மாட்டிக்கொண்டிருந்தார். தாய்மார் வரிசையில் நின்றனர். பால் காய்ச்சும் மீனம்மா அடுக்கை அப்படியே தூக்கி வந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயர் கூப்பிட்டார். கடைசிக் கொப்பியில் தயங்கி நின்று, உரக்கச் சிரித்தார்.

“சண்முகவடிவு! ஏன் ஆயம்மா, ஒங்களயும் தராசுல தொங்கவிட்டு நிறை பாக்கணுமா?”

“தராசு அறுந்துரும்க்கா!” என்றாள் வரிசையில் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். எத்தனை கிலோ என்று பார்க்க மீனம்மா பக்கத்தைத் திருப்பினார். மனநல கிளினிக்கின் முத்திரை. சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுபோயிற்று. பக்கத்தில் மகளோடு நின்ற தனுஜா எட்டிப் படித்துவிட்டாள்.

“அது அவங்கட சொந்தக் கொப்பி. இங்க குடுங்க,” என்று பஸ்மிலா கை நீட்டுவதற்குள் தனுஜா கேட்டுவிட்டாள்: “ஆயம்மா, பைத்தியக் கிளினிக்குக்கா போறீங்க?”

அதே பெயருள்ள வேறு யாருடையதோ என்று சொல்லியிருக்கலாம். சண்முகவடிவுக்கு அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

“ஆமா. பதிமூணு மாசமாப் போறேன். மனச்சோர்வுங்கிற வருத்தம். மூட்டுவலின்னு சொன்னதெல்லாம் சும்மா.”

“அப்ப நான் காய்ச்சிக் குடுத்த தைலம்?” என்றார் மீனம்மா.

“கதவுக் கீலுக்கு ஊத்துனேங்க்கா.”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

“சீனி வருத்தத்துக்கு மாத்திர போடுறவங்களப் பாத்துப் பயப்படுறீங்களா?” என்று பஸ்மிலா வரிசையைப் பார்த்துக் கேட்டார். “இதுவும் வருத்தம்தான். மருந்து எடுக்கிறாங்க, நல்லா இருக்கிறாங்க.”

தனுஜா நான்கு வயது மகள் சுலக்ஷனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே சண்முகவடிவு மடுவத்தைத் திறந்தார். ஆறரைக்கு வரத் தொடங்கும் பிள்ளைகள் ஆறே முக்காலாகியும் வரவில்லை. பாலுக்குத் தண்ணீர் வைத்தார். தொட்டில்களை உதறிக் கட்டினார். எண்ணெய் குடித்த கதவு சத்தமே போடாது என்பதால் நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ஒரு முறை திரும்பியபோது மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஐந்து பேர். பிறகு கும்பலாக ஆறு பேர்.

கடைசியாக, வேலைக்கு முன் பெரட்டில் மேற்பார்வையாளர் கண்டாக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், தனுஜா மகளோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“போன மார்கழிக்கு முந்தின மார்கழியில ‘ஆயம்மா பாட்டே படிக்க மாட்டேங்குதும்மா’ன்னு இவ சொன்னா. நான் காதுல போட்டுக்கல. இப்ப என்னடான்னா பாட்டு ஓயவே மாட்டேங்குதாம். பயப்படுறதா இருந்தா நான் அப்பல்ல பயந்திருக்கணும்?”

சண்முகவடிவு குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“இன்னிக்கு மாத்திர போட்டீங்களா?”

“போட்டுட்டேன்டி.”

“விட்டுறாதீங்க. ஐயோ, கண்டாக்கு கத்தப்போறாரு!” என்று அவள் சரிவில் இறங்கி ஓடினாள்.

தாய்மாரில் ஜீவராணி மட்டும் தன் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

பால் கொடுத்து முடிந்ததும் சண்முகவடிவு விடுமுறைப் புத்தகத்தை எடுத்து, மறுநாளுக்கு எழுதினார்: 14.03.2024, வியாழன். காரணம்: மனநல கிளினிக். பதின்மூன்று மாதத்தில் முதல்முறையாக, எழுதும்போது வாசலைப் பார்க்கவில்லை.

மீனம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். “அப்ப இனித் தைலம் வேணாமா?”

“அலுமாரிக் கதவும் கிரீச்சுங்குதுக்கா. கொண்டாங்க.”

பிறகு வரவுப் புத்தகத்தைத் திறந்தார்.

13.03.2024, புதன். பதிவு: 16. வரவு: 15.