மாப்பிள்ளை கைவைத்த தொட்டி

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் குற்றால சீசன். தென்காசியில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தோம். புது மாப்பிள்ளையை அந்தப் பக்கத்தில் எப்படித் தாங்குவார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தும்மினால்கூட உள்ளேயிருந்து சுக்குக் காப்பி வந்துவிடும். மெட்ராசில் மேன்ஷன் அறையில் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்தால் தலைக்கு ஏறாதா? நன்றாகவே ஏறியது.

என் மனைவிக்கு ஒரே தம்பி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். அவனுடைய உலகம் எல்லாம் முற்றத்தில் இருந்த ஒரு தொட்டிதான். மழைத்தண்ணீர் பிடிக்கக் கட்டிய சிமெண்டுத் தொட்டி, என் கழுத்தளவு ஆழம். அதன் ஒரு பக்கத்தை இடித்துத் தடித்த கண்ணாடி பதித்து, உள்ளே கடல் தண்ணீர் நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்த்துக்கொண்டிருந்தான். மலையடிவாரத்தில் கடல்! தூத்துக்குடியிலிருந்து கேரளாவுக்குப் போகும் உப்பு லாரிக்காரர்கள் அவனுக்காகக் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். பவளங்களைத் தந்தவர்கள் சங்கு குளிப்பவர்கள்.

"இவ்வளவு ஆழம் எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"ஆழமா இருந்தாத்தான் அத்தான் கோடையில தண்ணி சூடாவாது. ஆனா வேலையும் கூட. வெளிச்சமும் அடிக்குப் போவாது, காத்தும் போவாது. ரெண்டையும் நாமதான் கொண்டு சேக்கணும்."

வெயில் வேண்டியவற்றை மேலே திட்டுகளில் வைத்திருந்தான். சாரல் மாதங்களில் வெயிலே கிடையாது என்பதால் தண்ணீருக்கு மேலே டியூப் லைட்டுகளைத் தொங்கவிட்டிருந்தான். ஒரு சின்ன மோட்டார் மேல் தண்ணீரை இழுத்துக் குழாய் வழியாக அடிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தது. அடித்தரையில், மூளை போல மடிப்பு மடிப்பாக, பச்சை நிறத்தில் ஒரு பெரிய பவளம். ஆழக்கடலிலிருந்து வந்தது. அதன் மேல்தான் அவனுக்கு உயிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் புதிதாகத் திறக்கவிருந்த கடல் உயிர்க் காட்சிச்சாலையின் பொறுப்பாளர். தொட்டியைப் பார்த்துத் திருப்தி என்றால் இவனை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "தொட்டிக்குள்ள குடித்தனம் நடத்துதான்" என்று மகனைக் கரித்துக்கொட்டும் மாமனார்கூட அந்த வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை குற்றாலத்துக்குப் போனேன். எண்ணெய் தேய்ப்பவரிடம் உட்கார்ந்து தலையிலிருந்து கால்வரை ஊற ஊறத் தேய்த்துக்கொண்டேன். அருவியிலோ கூட்டமான கூட்டம். ஒரு முட்டு முட்டி உள்ளே போனால் இரண்டு முட்டில் வெளியே தள்ளிவிட்டார்கள். பாதி எண்ணெய் உடம்பிலேயே இருந்தது. அது கிடக்கட்டும், குளிர்ச்சிதானே என்று அப்படியே வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் சீசனுக்கு வந்த உறவுக்காரர்கள் தொட்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் லாரியில் வந்த கேன்களை எடுக்கப் போயிருந்தான். மேல் திட்டிலிருந்து ஒரு சின்னப் பவளம் சரிந்து அந்தப் பெரிய பச்சைப் பவளத்தின் மேல் விழுந்து கிடந்தது. "அடடா, விழுந்துட்டே" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எனக்கு வீரம் வந்துவிட்டது. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"மாப்பிள்ளை... உங்களுக்கு எதுக்குச் சிரமம்... அவன் இப்ப வந்துருவான்..." என்று என் மாமியார் கையைப் பிசைந்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு யாரும் வரக்கூடாது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் அவன் சொல்லிவைத்திருந்தான். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் போய் "தொடாதீங்க" என்று எப்படிச் சொல்வது? நானோ அத்தை என் சிரமத்துக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்து, "பரவாயில்லை அத்தை" என்று பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, தோள்வரை கையை விட்டேன். எட்டவில்லை. நெஞ்சையும் தலையையும் சேர்த்து முக்கி எடுத்தேன். பவளத்தைத் தூக்கித் திட்டில் வைத்தபோது இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

மச்சினன் கேன்களோடு உள்ளே வந்தபோது தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்து கிடந்தது. கேன்களைப் பொத்தென்று போட்டான். "எந்தக் கூறுகெட்ட..." என்று ஆரம்பித்தவன் சொட்டிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான். அதற்குள் மோட்டார் எண்ணெயையும் சேர்த்து அடிக்கு இறக்கியிருந்தது. மோட்டார் ஓடினால் எண்ணெய் அடிக்குப் போகும், நின்றால் அடியில் காற்று இருக்காது.

ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து நாலு பேர் நாலு முனையையும் பிடித்துத் தண்ணீரின் மேல் விரித்து விரித்து எண்ணெயை ஒற்றி எடுத்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "நீங்க உக்காருங்க அத்தான்" என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் அத்தை மகனிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"ஏலே, மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லிராத. அக்கா வாழப்போற பிள்ளலா."

"நான் என்னம்மா சொன்னேன்?" என்றான் அவன். அழுதுகொண்டிருந்தான்.

மத்தியானம் சாப்பாட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாமனார் மகன்மேல் பாய்ந்தார். "ஊரே எண்ணெய் தேச்சுக் குளிக்கிற சீசன்ல தொட்டியத் திறந்து போட்டுட்டு ஊர்சுத்தப் போயிருக்கான் பாரு, உருப்படாத பய!" அவருக்கு யாரைத் திட்ட வேண்டும் என்று தெரியும். திட்ட முடிந்தவனைத் திட்டினார். நான் அவியலைப் பிசைந்துகொண்டே குனிந்திருந்தேன். என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது.

மறுநாள் காலைக்குள் பவளங்கள் கோழை கோழையாகக் கக்கிச் சுருங்கிப்போயிருந்தன. மேல் திட்டில் இருந்தவை வெளுத்துவிட்டன. அடியில் இருந்ததும் வெளிறிய சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்தப் பொறுப்பாளர் வந்தார். கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"எண்ணெய் விழுந்துட்டு சார். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"இவ்வளவு ஆழத்துல வச்சுக் காப்பாத்தத் தெரிஞ்சவன் இதைக் கவனிக்க வேண்டாமா?" என்றார். திரும்பிப் போகும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். வணக்கம் சொல்லத் திறந்த வாய் அதற்குமேல் திறக்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

ஊர் திரும்பும்போது ரயில் ராஜபாளையம் தாண்டியதும் என் மனைவி கேட்டாள்: "உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான வாய மூடிட்டு இருந்தீங்க?"

அடுத்த லீவில் அந்தப் பொறுப்பாளரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். வேறு ஆளைப் போட்டாயிற்று. மச்சினன் சுரண்டையில் ஒரு பம்ப்செட் கடையில் சேர்ந்து, கடைசிவரை அதிலேயே இருந்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்கப் பல வருடங்கள் பிடித்தன. அவன் மகளின் காதுகுத்துக்குப் போனபோது, பந்தலுக்கு வெளியே நிறுத்திவைத்துக் கேட்டேவிட்டேன். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். "அத விடுங்க அத்தான்" என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து சொன்னான்: "அடியில கிடந்தது பிழைச்சிட்டு, தெரியுமா? அந்த ஐப்பசியிலேயே ஓரத்துல பச்சை கட்ட ஆரம்பிச்சிட்டு. அப்புறம் ரொம்ப நாள் இருந்துச்சு. அன்னைக்கு எனக்குச் சந்தோசத்துல தலைகால் புரியல. ஓடிவந்து உங்களுக்குச் சொல்லணும்னு அவ்வளவு ஆசை. அம்மாதான், சொன்னா மாப்பிள்ளைக்குப் பழசு ஞாபகம் வந்து சங்கடமாயிரும்னு சொல்லிட்டா."

எனக்காக அவன் கோபத்தை விழுங்கினான் என்று தெரியும். தன் சந்தோஷத்தையும் விழுங்கியிருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. அதிலிருந்து, யாராவது என்னிடம் மரியாதைக்காக மறுத்துப் பேசாமல் நின்றால், அவர்களுடைய எதை நான் பாழாக்கிக்கொண்டிருக்கிறேனோ என்று எனக்குப் பயம் வந்துவிடுகிறது.